கண் எரியும் வரை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று என் மனைவி சொல்வாள். என் தொழிலும் அங்கேதான் இருந்தது.

நான் பழைய சின்னக் கார்களைப் பார்க்கும் மெக்கானிக். உருண்டை விளக்கு, இரண்டே கதவு, நான்கு பேர் ஏறிவிட்டால் ஐந்தாவதாக ஒரு குடைக்குக்கூட இடம் இருக்காது. காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு ஊட்டுகிற கார்புரேட்டர் சரியாக இருந்தால் இந்த வண்டிகள் சொன்ன பேச்சைக் கேட்கும். இல்லாவிட்டால் நடுரோட்டில் மானத்தை வாங்கும். அதன் பக்கவாட்டில் மிக்சர் ஸ்க்ரூ என்று சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு திருகு இருக்கிறது. வண்டி நின்றபடி ஓடும்போது எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று தீர்மானிப்பது அதுதான். வெளியே எடுத்தால் பெட்ரோல் கூடும், உள்ளே விட்டால் குறையும்.

இதைச் சரிசெய்ய மற்றவர்கள் மீட்டர் வைப்பார்கள், ரப்பர் குழாயைக் காதில் சொருகிக்கொள்வார்கள். நான் மூக்கை வைத்தேன். வண்டியின் பின்பக்கம் சுவரை ஒட்டி இருக்கும்படி நிறுத்துவேன். இன்ஜினைச் சூடாக்கி ஸ்லோவில் விட்டால், புகை சுவரில் முட்டித் திரும்பி முன்னால் நிற்கும் என்னிடம் வரும். திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுப்பேன். புகையில் எரியாத பெட்ரோலின் வாசம் லேசாகத் தட்டும். தட்டியதும் நிறுத்தி, கால் சுற்று உள்ளே விடுவேன். அவ்வளவுதான். பிறகு திருகுக்கும் கார்புரேட்டரின் உடம்புக்கும் பாலம் போட்டதுபோல் ஒரு சொட்டுச் சிவப்பு நெயில் பாலிஷ் வைப்பேன். இனி யாராவது கைவைத்தால் அந்தச் சொட்டு உடையும், எனக்குத் தெரியும்.

அந்த நெயில் பாலிஷ் என் மனைவியுடையது. பட்டறையில் பாதியும் அவளுடையதுதான். அவள் அப்பா வண்டிகளுக்குக் கரண்டு வேலை பார்த்தவர். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே இவள் டைனமோவுக்குக் கம்பி சுற்றுவாளாம். கல்யாணமாகிப் பதினாறு வருடம், பொறி அவளுக்கு, பெட்ரோல் எனக்கு. ஒருவர் வேலையில் ஒருவர் கைவைப்பதில்லை. கைவைப்பதில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் தங்கைக்குப் பிரசவம் என்று மூன்று வாரத்துக்கு ஊருக்குப் போனாள். போன முதல் வாரமே சலூன்காரர் திரும்பி வந்தார். இரண்டு நாள் முன்னால் நான் ட்யூன் செய்து கொடுத்த வண்டி சிக்னலில் நின்றால் உதறுகிறது, கரும்புகை விடுகிறது என்றார். பெட்ரோல் சரியில்லை என்றேன். எங்கே போட்டீர்கள் என்று கேட்டேன். தெரு முனை பங்க்கில் என்றார். பங்க்காரன் என் இருபது வருட நண்பன். அன்று சாயங்காலமே போய், தண்ணீர் கலந்து விற்கிறாயா என்று நாலு பேர் எதிரில் கேட்டுவிட்டு வந்தேன். அவன் ஒரு கண்ணாடி பாட்டிலில் பெட்ரோலைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினான். சுத்தமாகத்தான் இருந்தது. அதற்காக நான் என் வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள், எனக்கு அந்த வாரம் முழுக்க ஊரே கோணலாகத் தெரிந்தது.

இரண்டாவது வாரம் பேக்கரிக்காரர் வந்தார், அவர் வண்டியும் அவள் போன பிறகு நான் ட்யூன் செய்ததுதான். அதே உதறல், அதே கரும்புகை. ப்ளக்கைக் கழற்றினேன், கரி அப்பியிருந்தது. இன்ஜினுக்குள் பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். திருகில் நான் வைத்த சொட்டு அப்படியே இருந்தது, யாரும் கைவைக்கவில்லை. மறுபடி என் வழக்கப்படியே செய்து அனுப்பினேன். மூன்றாம் நாள் மறுபடி வந்தார். உங்களுக்குக் கிளட்சில் கால்வைக்கத் தெரியவில்லை என்று அவர்மேல் விழுந்தேன். அவர் முப்பது வருடமாக ஓட்டுகிறவர். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாவது வாரம் வந்தது நர்ஸம்மாவின் வண்டி. பிள்ளை பெற்றவர்களையும் பச்சைக் குழந்தைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறவர் அவர். முப்பத்தைந்து வயதிருக்கும், அதிகம் பேசமாட்டார். பின் சீட்டில் குழந்தையை நிறுக்கும் தராசும் ஒரு பெரிய பையும் எப்போதும் இருக்கும். நாலு மாதம் முன்பு அந்த வண்டியை நான் ட்யூன் செய்திருந்தேன். ஒரு வாரம் கழித்து, இந்த வண்டி இவ்வளவு நன்றாக ஓடி நான் பார்த்ததே இல்லை என்று அதைச் சொல்வதற்காகவே வந்துபோனவர். மனைவியை வைத்துக்கொண்டே, “மூக்கும்மா, மூக்கு” என்று தட்டிக் காட்டினேன்.

இப்போது வண்டி வேகம் எடுக்கும்போது முக்குகிறது என்றார். கார்புரேட்டர்மேல் பழி போடுவதற்கு முன்னால் பொறியைப் பார் என்பது என் மனைவியின் சட்டம். அவள் இல்லாததால் அவள் சார்பில் நானே பார்த்தேன். பொறி நீலமாக, கனமாக அடித்தது. கார்புரேட்டரைத் திறந்தால் அடியில் துரு தூள். டேங்கிலிருந்து வந்து, பெட்ரோலைப் பீய்ச்சுகிற சின்னத் துளையான ஜெட்டை அடைத்திருக்கிறது. எல்லாவற்றையும் கழுவி, ஜெட்டை ஊதி, உள்ளே பெட்ரோல் நிறைந்ததும் வழியை அடைக்கிற ஊசியைப் புதிதாகப் போட்டு மூடினேன். சுவரை ஒட்டி நிறுத்தி ட்யூன் செய்தேன். சொட்டு வைத்தேன். நல்ல வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அவர் வந்தபோது தலையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். சிக்னலில் இரண்டு தடவை அணைந்துவிட்டது என்றார். அதைவிட, வண்டிக்குள் ஒரே பெட்ரோல் வாசம், தலை வலிக்கிறது, பையெல்லாம் வாசம் ஏறிவிட்டது, ஒரு வீட்டில் குழந்தையைத் தூக்கக்கூடத் தயங்கினேன் என்றார்.

நான் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு நன்றாக இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பானட்டைத் தூக்கிக் குனிந்து இழுத்தேன். ஒன்றும் இல்லை. வாசமே இல்லையே, அன்றைக்குக் கழுவின பெட்ரோல் உங்கள் மனதில் நிற்கிறது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பதினெட்டு வயதிலிருந்து இந்த மூக்கை வைத்துச் சோறு தின்கிறேன், இருந்தால் எனக்குத் தெரியாதா என்றும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. பின் சீட்டிலிருந்து பையை எடுத்தார். பிறகு, “அண்ணே, ஒரு நிமிஷம் கண்ண மூடுங்க” என்றார்.

எதற்கென்று தெரியாமலே மூடினேன். அவர் தன் பையைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஏதோ கடகடத்தது. பிறகு அமைதி.

“என்னம்மா, எவ்வளவு நேரம் மூடிட்டு நிக்கிறது?”

“ஏதாவது தெரியுதா?”

“நீங்க இன்னும் எதையும் காட்டலையே.”

“கண்ணத் திறங்க” என்றார். குழந்தைக்குப் போடும் பவுடர் டப்பா திறந்தபடி என் மூக்குக்கு நேர் கீழே இருந்தது. மீசையில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதற்கு முன்னால் சோப்பைக் காட்டினாராம், அதற்கு முன்னால் என் மேஜையில் ஆறிக்கொண்டிருந்த என் காப்பியையே காட்டினாராம்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. சளி என்றேன். எவ்வளவு நாளாகச் சளி என்று கேட்டார். யோசித்தேன். மழைக்காலத்தில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது, பத்து நாள் படுத்திருந்தேன். அதற்குப் பிறகு மூக்கு ஒழுகியதாக நினைவில்லை. சாப்பாட்டில் ருசி குறைந்திருந்தது. இவள் உப்பைக் குறைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, வயதாகிறது, நல்லதுதானே என்று கேட்காமல் இருந்துவிட்டேன். ஆனால் நான் வண்டிகளை ட்யூன் செய்துகொண்டுதானே இருந்தேன்? புகையில் பெட்ரோல் தட்டும்போது தெரிந்ததே?

தெரிந்தது மூக்கால் இல்லை. திருகை வெளியே எடுத்துக்கொண்டே போவேன், வாசம் தட்டாது, இன்னும் எடுப்பேன், கடைசியில் கண் எரியும். பெட்ரோல் அளவுக்கு மீறிப் போனால் அந்தப் புகையில் யாருக்கும் கண் எரியும். கண் எரிந்ததை மூக்கு சொன்னதாக எடுத்துக்கொண்டு கால் சுற்று உள்ளே விட்டிருக்கிறேன்.

“நான் பாத்த வரைக்கும் சில பேருக்குத் திரும்பி வருது, சில பேருக்கு வரதில்ல. டாக்டரைப் பாருங்க” என்றார் நர்ஸம்மா. பிறகு, “இப்ப என் வண்டியப் பாருங்க. மூக்க விட்டுட்டு” என்றார்.

கார்புரேட்டரின் அடியில் விரலைவிட்டுத் துடைத்தேன். விரல் நனைந்தது. புது ஊசியின் நுனியில் ஒரு துரு தூள் உட்கார்ந்து, வழி முழுதாக அடைபடாமல், உள்ளே நிறைந்த பெட்ரோல் மூடியின் விளிம்பு வழியாகக் கசிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழேதான் சைலன்சருக்குப் போகிற சூடான இரும்பு. அதன்மேல் ஒழுகிக் காய்ந்த தடம் பழுப்பாக இருந்தது. இருபத்தைந்து வருடத்தில் இந்த இடத்தை நான் கண்ணால் பார்த்ததே கிடையாது. கசிந்தால் மூக்கு சொல்லிவிடும், பிறகு எதற்குக் குனிந்து பார்ப்பது?

இரண்டு நாள். அந்தப் பெண் அந்த வண்டியில் தனியாக எத்தனை வீடுகளுக்குப் போயிருப்பார். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, இந்த வண்டி இப்போது போகாது என்று சொன்னேன். அவர் தராசையும் பையையும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் போனார். போகும்போது திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். இனி இந்தத் தொழில் நமக்கு இல்லை என்று முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்து ஒரு மணி நேரம் ஆன பிறகுதான் ஒரு கணக்கு இடித்தது. காய்ச்சல் வந்து எட்டு மாதம். அன்றைக்கே மூக்கு போயிருந்தால், எட்டு மாதமாக நான் ட்யூன் செய்த வண்டியெல்லாம் கரும்புகை விட்டிருக்க வேண்டும். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. சொல்லப்போனால் நான் இவ்வளவு பாராட்டு வாங்கிய காலமே இல்லை. வண்டிகள் திரும்பி வந்தது இந்த மூன்று வாரமாகத்தான். பழுது பழையது, தொந்தரவு புதிது என்றால் எந்த மெக்கானிக்கும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: நடுவில் மாறியது என்ன?

பட்டறையின் மூலையில் தபால்காரரின் வண்டி டயருக்காகக் காத்து நின்றது. அதை நான் ட்யூன் செய்து ஐந்து மாதம். டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தேன். திருகின்மேல் சிவப்புச் சொட்டு உடையாமல் இருந்தது. ஆனால் சின்னதாக, உருண்டையாக இருந்தது. நான் வைப்பது அப்படி இருக்காது, அப்பிவிட்டதுபோல் இருக்கும். நகத்தால் அதைச் சுரண்டினேன். அடியில் என் பழைய சொட்டு இரண்டாக உடைந்திருந்தது. ஒரு பாதி கார்புரேட்டரின் உடம்பில் நான் வைத்த இடத்திலேயே. மறுபாதி திருகோடு சேர்ந்து நகர்ந்துபோய் எதிர்ப்பக்கத்தில். யாரோ அதை உள்ளே விட்டிருக்கிறார்கள், அரைச் சுற்று.

ஒரு கணம், எவன் என் வேலையில் கைவைத்தது என்று எரிச்சலாக வந்தது. அடுத்த கணம் அந்த உருண்டைச் சொட்டு யாருடையது என்று தெரிந்துவிட்டது. அந்தக் கையைப் பதினாறு வருடமாகப் பார்க்கிறேன். ஆனாலும் நம்பாமல் தெருவில் இறங்கி நடந்தேன். தையல்காரர் கடை வாசலில் நின்ற அவர் வண்டியின் பானட்டைத் திறக்கச் சொன்னேன். அதிலும் அதே. “இப்பல்லாம் வண்டி ஓடுறதே தெரியலண்ணே, உங்க மூக்குக்கு இன்ஷூரன்ஸ் போடணும்” என்றார். நான் பானட்டை மூடிவிட்டு வந்துவிட்டேன்.

எப்போது செய்திருப்பாள் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு வண்டியையும் முடித்ததும் நான் கையைத் துடைத்துக்கொண்டு முனைக்கு டீ குடிக்கப் போவேன். கால் மணி நேரம் ஊர்க்கதை. அந்த நேரத்தில் அவள், பொறி கிளப்புகிற பாயின்ட்டை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று இன்ஜின் பக்கம் போவாள்.

போன் செய்யவில்லை. இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. கேட்டவர்களிடம் உடம்பு சரியில்லை என்றேன், அது பொய்யும் இல்லை.

அவள் வந்த அன்று மத்தியானம், பையோடு நேராகப் பட்டறைக்கு வந்தாள். பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தவள் அப்படியே நின்றாள். முகம் சுருங்கியது. நர்ஸம்மாவின் வண்டியைத் துடைத்த துணி இன்னும் அங்கேதான் கிடந்தது. அவளுக்கு வாசம் எட்டுகிறது என்று தெரிந்தது. வாயைத் திறந்தவள் என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். எட்டு மாதமாக இப்படித்தான் மூடிக்கொண்டிருக்கிறாள் என்று அப்போது புரிந்தது.

“எட்டு மாசமாவா?” என்றேன்.

அவள் பையைக் கீழே வைத்தாள். இல்லை என்று சொல்லவில்லை, எதைக் கேட்கிறீர்கள் என்றும் கேட்கவில்லை. அதுவரை எனக்குள் எங்கேயோ ஒரு ஓரத்தில் இருந்த சந்தேகமும் போய்விட்டது.

“மொதல்ல சளின்னுதான் நெனச்சேன்” என்றாள். “அப்புறம் ஒரு நாள் அடுப்புல பால் தீஞ்சு வீடு பூரா நாறுது. நீங்க பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருக்கீங்க. அன்னைக்கு நீங்க ட்யூன் பண்ணின வண்டி ஒண்ணப் போய்ப் பாத்தேன். கரும்புகை.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

என் கண் பாதி இறங்கிய ஷட்டரில் போய் நின்றது.

“கடைய மூடியிருப்பீங்க. மூடிட்டு வீட்டுல உக்காந்து என்னை ட்யூன் பண்ண ஆரம்பிச்சிருப்பீங்க.”

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று எனக்கு நினைவெல்லாம் அந்தப் பாராட்டுகளில் இருந்தது. தபால்காரர், தையல்காரர், நர்ஸம்மா, ஒவ்வொருவரும் வந்து சொல்லும்போது நான் மூக்கைத் தட்டிக் காட்டியிருக்கிறேன். நாலடி தூரத்தில் இவள் உட்கார்ந்து கம்பி சுற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். அவமானமாக இருந்தது. நான் பெருமையடித்தபோதெல்லாம் உனக்குச் சிரிப்பு வரவில்லையா என்று கேட்டேன்.

“வந்துச்சு” என்றாள். “சில நாள் அழுகையும் வந்துச்சு. ரெண்டையும் டைனமோ மேல காட்டினேன்.”

என் சொட்டுக்கு மேலேயே ஏன் சொட்டு வைத்தாய் என்று கேட்டதற்கு, வண்டி உங்கள் பேரில்தானே வெளியே போகிறது என்றாள். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவள்மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே கரைந்தது. மீதிப் பாதியை நான் கரையவிடவில்லை, ஏனென்றால் அதில் நியாயம் இருந்தது. நர்ஸம்மாவின் வண்டியைத் திறந்து அந்தப் பழுப்புத் தடத்தைக் காட்டினேன்.

“இதப் பாரு. ரெண்டு நாள் அந்தப் பொண்ணு இதுல போயிருக்கு. வாசம் வருதுன்னு வந்து சொன்னவங்கள, உங்க மனப்பிரமைன்னு சொல்லி அனுப்பப் பாத்தேன். என் மூக்கு போச்சுன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் கண்ணால பாத்திருப்பேன்.”

அவள் குனிந்து பார்த்தாள். அந்த இரும்பில் விரலை வைத்துத் தடத்தின் நீளத்துக்குத் தடவினாள். திருகைத் திருத்தினால் போதும் என்று இருந்திருக்கிறாள், கசிவு இருந்தால் தன் மூக்கு பிடித்துவிடும் என்று இருந்திருக்கிறாள். மூன்று வாரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று கிளம்பிப் போயிருக்கிறாள். பெட்டியின்மேல் உட்கார்ந்து அந்த விரலைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“இது என் தப்பு” என்றாள் கடைசியில்.

“நம்ம தப்பு” என்றேன். அவளைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. என்னிடம் ஒரு கெட்ட செய்தியைச் சொல்ல வீட்டுக்காரியே எட்டு மாதம் பயப்படுகிற மாதிரி நான் இருந்திருக்கிறேன் என்றால், அதில் என் பங்கு சின்னதில்லை.

கொஞ்சம் பொறுத்து, நீ எப்படிச் செய்வாய், காட்டு என்றேன். டேங்கைக் கழுவி, ஊசியை மாற்றி, மூடி, உலர்ந்த துணியால் சுற்றித் துடைத்துவிட்டு இன்ஜினைப் போட்டோம். சூடேறியதும் அவள் ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக்கொண்டாள். திருகை வெளியே எடுப்பாள் என்று பார்த்தால் உள்ளே விட்டாள். பெட்ரோல் குறையக் குறைய இன்ஜின் மெலிந்து, ஒரு இடத்தில் தடுமாறி, நின்றுவிடுமோ என்று இருந்தது. அங்கிருந்து மயிரிழை மயிரிழையாக வெளியே எடுத்தாள். தடுமாற்றம் நின்று, ஓட்டம் ஒரே சீராகி, மட்கார்டின் நடுக்கம் அடங்கிய இடத்தில் கையை எடுத்தாள். நான் எப்போதும் அதிகத்திலிருந்து குறைத்துக்கொண்டு வருவேன். அவள் குறைவிலிருந்து கூட்டிக்கொண்டு வருகிறாள். இதில் மூக்குக்கு வேலையே இல்லை.

“இத யாரு சொல்லிக் குடுத்தது?”

“கல்யாணமான புதுசுல நான் உங்களுக்குச் சொன்னேன்” என்றாள். “கரண்டுக்காரி கார்புரேட்டர்ல வாயக் குடுக்காதேன்னீங்க.”

எனக்கு நினைவில்லை. ஆனால் நான் அப்படிச் சொல்லக்கூடியவன்தான். ஸ்க்ரூ டிரைவரை வாங்கி, திருகைக் கலைத்துவிட்டு, அவள் வழியில் நானே செய்தேன். முதல் தடவை இன்ஜின் அணைந்துவிட்டது. இரண்டாவது தடவை வந்தது. மூன்றாவது தடவை அவள் வைத்த இடத்துக்கே வந்து நின்றது. பசி வந்துவிட்டது எனக்கு.

ஆனால் ட்யூன் செய்வது பாதிதான். எங்கே கசிகிறது, எது கருகுகிறது, எந்த வயர் சூடாகிறது என்பதையெல்லாம் இனிமேல் நான் கண்ணால் தேட வேண்டும். கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்தால் எனக்குத் தெரியவே தெரியாது. இதை நான் அவளிடம் வாய்விட்டே சொன்னேன், பயமாக இருக்கிறது என்று. அவளும் சமாதானம் சொல்லவில்லை.

மறுநாள் காலை பங்க்காரனிடம் போய்த் தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்று கேட்டபோது எத்தனை பேர் இருந்தார்களோ அத்தனை பேர் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். பிறகு பேக்கரிக்காரருக்கும் சலூன்காரருக்கும் போன் செய்தேன். நர்ஸம்மா பத்து மணிக்கு வந்தார். கசிந்தது ஏன், எங்கே ஒழுகியது, என்ன ஆகியிருக்கலாம் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். நாலு மாதம் முன்பு வண்டியை அவ்வளவு நன்றாக ஓடவைத்தது நான் இல்லை, இவள் என்றும் சொன்னேன். அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தராசைப் பின் சீட்டில் வைத்துவிட்டுச் சாவிக்குக் கையை நீட்டினார்.

சாவி என் கையில் இருந்தது. இன்ஜின் இருபது நிமிடமாக ஓடிக்கொண்டிருந்தது. கார்புரேட்டரின் அடியில் விரலைவிட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன், துணி வெள்ளையாகவே இருந்தது. ஆனாலும் சாவியைக் கொடுக்க முடியவில்லை. டீக்கடையில் நின்றவர்கள் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏய், இங்க வந்து வாசம் வருதா பாரு” என்று மனைவியைக் கூப்பிட்டேன். தெருவுக்கே கேட்டிருக்கும். மூக்கை வைத்துப் பேர் வாங்கியவன் அப்படிக் கூப்பிட்டதும் டீக்கடையில் பேச்சு நின்றது.

அவள் வந்து பானட்டுக்குள் குனிந்தாள். பிறகு கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தாள். இறங்கி வந்து, “இல்ல” என்றாள்.

நான் அவள் முகத்தையே பார்த்தேன். என் மனதில் ஓடியதை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. எட்டு மாதம், ஒவ்வொரு வண்டிக்கும், இருந்த பழுதை இல்லாததுபோல் காட்டியவள் இவள். எனக்கு வலிக்கக் கூடாது என்றுதான் காட்டினாள். இனி இவள் சொல்லை நம்பித்தான் ஒவ்வொருவர் கையிலும் நான் சாவியைக் கொடுக்க வேண்டும்.

அவளுக்கு அது புரிந்தது. கண்ணை எடுக்காமல், “இருந்தா இருக்குன்னு சொல்லுவேங்க” என்றாள். “நீங்க கத்தினாலும் சொல்லுவேன்.”

நான் நர்ஸம்மாவிடம் சாவியைக் கொடுத்தேன்.